காரத் தக்காளி ஜாம்: மூன்று தடவை கிண்டிய கதை

உழவர் சந்தையில் அன்றைக்கு நாட்டுத் தக்காளி கிலோ 12 ரூபாய். 2023 ஜூலையில் விலை நூறைத் தாண்டி, சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்குக் கொடுத்தது ஞாபகம் வந்துவிட்டது. மலிவாகக் கிடைக்கும்போது விடக்கூடாது என்று மூன்று கிலோ வாங்கிவிட்டேன். ரசம், சட்னி, தக்காளி சாதம் எல்லாம் ஆகியும் ஒரு கிலோ மிச்சம். தொக்கு எப்போதும் செய்வதுதான். இந்தத் தடவை ஜாம் கிண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. குழந்தைகள் ரொட்டியில் தடவும் சிவப்பு ஜாம் இல்லை. இஞ்சி, சீரகம், மிளகாய் போட்டு, காரமும் புளிப்பும் முன்னால் வந்து இனிப்பு பின்னால் நிற்கிற வகை.

கீழ்வீட்டு அக்கா வாணியம்பாடிக்காரர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “இதுல என்னம்மா புதுசு? எங்க கல்யாணத்துல பிரியாணிக்குப் பக்கத்துல தக்காளி இனிப்புப் பச்சடி வைப்போமே, அதுல முந்திரிய எடுத்துட்டு மிளகாயப் போட்டா ஆச்சு.” பாதி சரிதான். ஆனால் அந்தப் பச்சடி அன்றைக்கே காலியாகிவிடும். எனக்கு பாட்டிலில் நிற்க வேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தடவை: ஒரு கிலோ தக்காளிக்கு 100 கிராம் சர்க்கரைதான் போட்டேன். காரம்தானே பிரதானம், இனிப்பு எதற்கு என்ற நினைப்பு. ஒரு மணி நேரம் கிண்டியதும் நன்றாகவே சுண்டி வந்தது. ருசியும் குறை சொல்ல முடியாது. காபித்தூள் வந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி, நிரப்பி, ஊறுகாய் மாதிரி சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டேன். பன்னிரண்டாம் நாள் மூடியைத் திறந்தால் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் சபலம்தான். பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் இறங்கியிருக்கும் என்பதால் அப்படியே குப்பைக்குப் போனது.

தொக்கு ஏன் கெடுவதில்லை? ஈரம் வற்றுகிற வரை வதக்கி, உப்பும் காரமும் தூக்கலாகப் போட்டு, மேலே நல்லெண்ணெய் நிற்கும்படி எடுக்கிறோம். கடை ஜாம் நிற்பது சர்க்கரையால். ஜாமில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு சர்க்கரையாகவே இருக்கும். இருக்கிற ஈரத்தையெல்லாம் அது பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சைக்கு ஒன்றும் மிஞ்சாது. என் பாட்டிலில் எண்ணெயும் இல்லை, அந்த அளவு சர்க்கரையும் இல்லை. அதை ஜாம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பூஞ்சைக்கு அது வெறும் தக்காளிக் கூழ்.

இரண்டாம் தடவை புத்தகப் புத்தி வந்தது. ஜாம் 105 டிகிரியில் பதத்துக்கு வரும் என்று படித்துவிட்டு, சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கினேன். தண்ணீர் சீக்கிரம் வற்றட்டும் என்று விதையை எல்லாம் பிழிந்து கொட்டிவிட்டேன். சர்க்கரை கிலோவுக்கு 150 கிராம். கொதி 101க்கு வந்தது, 102க்கு வந்தது, அதோடு நின்றுவிட்டது. சரி, வரும் என்று தீயைக் கூட்டி வைத்துக் காத்திருந்தேன். தளதளவென்று குமிழ் வெடித்துக் கையில் தெறித்தது. ஒரு சொட்டு பட்ட இடம் இன்னும் கருப்பாக இருக்கிறது. அதைத் தண்ணீரில் காட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் அடிப்பிடித்த வாசனை.

பிறகுதான் உறைத்தது. 105 என்பது சர்க்கரைப் பாகின் கணக்கு. சர்க்கரை கெட்டிப்படப் பட கொதிநிலை ஏறும். இதில் சர்க்கரை கம்மி, கெட்டியாக்குவது பெரும்பாலும் தக்காளியின் நார்தான். நார் கொதிநிலையை ஏற்றாது, அடியைத்தான் பிடிக்கும். விதையைக் கொட்டியது அதைவிடப் பெரிய தப்பு. விதையைச் சுற்றி இருக்கும் வழுவழுப்பில்தான் தக்காளியின் ருசிக்குக் காரணமான குளூட்டமிக் அமிலம் சதையைவிட அதிகம். கருகாத மேல் பாகத்தை எடுத்து ருசி பார்த்தேன், சப்பென்று இருந்தது. தெர்மாமீட்டர் இப்போது தயிர் உறை ஊற்றும்போது பாலுக்குப் பயன்படுகிறது.

மூன்றாம் தடவை இரண்டு கிலோ. அதில் நாலைந்து பாதி பழுத்த செங்காய். நன்றாகப் பழுத்ததைவிட அதில் பெக்டின் கூடுதல், இறுகுவதற்கு உதவும். அடியில் கூட்டல் குறி மாதிரி கீறி, வெந்நீரில் அரை நிமிஷம் போட்டு எடுத்தால் தோல் சட்டை மாதிரி கழன்றுவிடும். தோலோடு போட்டால் சுருண்டு ஊசி மாதிரி பல்லில் மாட்டும். விதையோடு பொடியாக நறுக்கி, 300 கிராம் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் கல்லுப்பு சேர்த்து ஒரு மணி நேரம் மூடி வைத்தேன். தண்ணீர் தானாக விட்டுவிடும். விரல் நீள இஞ்சி துருவியது, வறுத்து நுணுக்கிய சீரகம் ஒன்றரை டீஸ்பூன், வரமிளகாய் எட்டு, விதை நீக்கி ஒன்றிரண்டாகப் பொடித்தது, கிராம்பு இரண்டே இரண்டு. கிராம்பு மூன்றானால் பல்பொடி வாசனை வந்துவிடும், எச்சரிக்கிறேன்.

பாத்திரம் அகலமான எவர்சில்வர் அடிகனம். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். முதல் முக்கால் மணி நேரம் நடுத்தர தீயில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், அவ்வப்போது ஒரு கிளறு போதும். கடைசி அரை மணி நேரம் தீயைக் குறைத்துப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தக்காளிச் சிவப்பு மெல்ல செங்கல் நிறத்துக்குத் திரும்பும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் முதலில் உடனே மூடிக்கொள்ளும். பதம் நெருங்கும்போது ஒரு நொடி யோசித்துவிட்டு மூடும். அப்போது ஃப்ரீசரில் வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஆறியதும் விரலால் நடுவில் கோடு போட்டேன். கோடு அப்படியே நின்றது. உடனே நாலு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு ஊற்றி இரண்டு கொதி விட்டு இறக்கினேன். எலுமிச்சை ருசிக்கு மட்டும் இல்லை. புளிப்பை அளக்கும் பிஹெச் எண் குறையக் குறைய புளிப்பு கூடும்; தக்காளியில் அது சில சமயம் 4.6 என்ற பாதுகாப்பு எல்லையைத் தொட்டுவிடும். அதைக் கீழே இறக்கிவைப்பது நல்லது.

இரண்டு கிலோ போட்டு கிடைத்தது முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வெந்நீரில் கொதிக்கவிட்டு உலர்த்திய மூன்று சின்ன பாட்டில், மூன்றும் நேராக ஃபிரிட்ஜுக்கு. பெரிய பாட்டிலாக வைத்தால் தினமும் திறந்து, யாராவது ஈரக் கரண்டியை விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த யாராவது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சாப்பிடும் விஷயத்தில் சில ஆச்சரியங்கள். இட்லிக்குச் சரிப்படவில்லை, சட்னிக்கு ஏங்குகிறது நாக்கு. முறுகல் தோசைக்குப் பரவாயில்லை. வெண்பொங்கலோடு பிரமாதம், நெய்யும் மிளகும் இதன் புளிப்பும் சேர்ந்தால் கத்தரிக்காய் கொத்சு இல்லாத குறை தெரியவில்லை. ரொட்டியில் தடவி சீஸ் துண்டு வைத்துத் தோசைக்கல்லில் வாட்டியதை மகன் இரண்டு நாள் தொடர்ந்து கேட்டான். தயிர் சாதத்துக்குத் தொக்குதான் என்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.

ஐந்தாவது வாரம் வரை பூஞ்சை இல்லை. கடைசி பாட்டிலின் அடியில் ஒட்டியிருந்ததை நேற்று வெந்நீர் ஊற்றிக் குலுக்கி ரசத்தில் சேர்த்துவிட்டேன். “ரசத்துல வெல்லம் போட்டியா?” என்று மாமியார் கேட்டார். ஆமாம் அத்தை, கொஞ்சம் என்றேன்.