குழந்தைகள் ரொட்டேஷனுக்கு எனக்குப் பிரிசெப்டர் கிடைத்த விதம்

ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ் நான். நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுதும் அளவுக்கு நர்ஸை உயர்த்தும் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் சேரும்போது பாடத்தை நினைத்துத்தான் பயந்தேன். பாடத்தில் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. கிளினிக்கில் கூடவே வைத்து எனக்குக் கற்றுத்தர ஒரு ஆள், அதாவது பிரிசெப்டர், கிடைக்காமல்தான் ஒரு செமஸ்டர் வீட்டில் உட்கார்ந்தேன்.

ஊரில் நர்சிங் படித்தவர்களுக்கு இது விளங்கக் கொஞ்ச நேரமாகும். மார்த்தாண்டம் பக்கத்தில் நான் பி.எஸ்சி. படித்தபோது, யாருக்கு எங்கே போஸ்டிங் என்று காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள். பஸ் ஏறிப் போனால் போதும். இங்கே ஆன்லைனில் நடக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகள் பலவற்றில், தன்னுடைய பிரிசெப்டரை மாணவியேதான் தேட வேண்டும். 2022-இல் வந்த தேசியத் தரநிலைப்படி குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளை நேரில் பார்த்துப் பழக வேண்டும். அதில் பெரியவர்கள், குழந்தைகள், பெண்கள் நலம் எல்லாம் அடங்கும்; ஒவ்வொரு பிரிவிலும் செய்யும் பயிற்சியை ரொட்டேஷன் என்பார்கள். நான் சேர்ந்த நர்சிங் பள்ளி 'உதவி செய்வோம்' என்று சொல்லியிருந்தது. அந்த உதவி ஒரு பழைய பெயர்ப் பட்டியலாக வந்தது. அதில் பாதிப் பேர் அந்தக் கிளினிக்குகளிலேயே இல்லை.

பெரியவர்களுக்கான ரொட்டேஷன் சுலபமாக அமைந்தது. என்னோடு வார்டில் வேலை பார்த்த பிலிப்பினோ தோழி நர்ஸ் பிராக்டிஷனராகி ஒரு கிளினிக்கில் இருந்தாள், கேட்டதும் சேர்த்துக்கொண்டாள். குழந்தைகள் பக்கம் போனபோதுதான் கதவுகள் மூடின. மருத்துவ மாணவர்கள், டாக்டருக்குத் துணையாக நோயாளிகளைப் பார்க்கும் ஃபிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்பு மாணவர்கள், எங்களைப் போன்றவர்கள் என எல்லோரும் போய் நிற்பது அதே சில கிளினிக்குகளின் வாசலில்தான். கால் மணிக்கு ஒரு குழந்தையைப் பார்த்து அனுப்பும் இடத்தில் ஒரு மாணவியைக் கூட வைத்துக்கொண்டால் அன்றைய நாளே இழுத்துவிடும். மறுக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை.

முதலில் நாற்பது மின்னஞ்சல்கள் அனுப்பினேன். மூன்று பதில்கள் வந்தன, மூன்றிலும் 'முடியாது' என்றுதான் இருந்தது. பிறகு ஒரு குழந்தை மருத்துவர் வாய்வார்த்தையாகச் சரி என்றார். அன்றே என் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கும் கிளினிக்குக்கும் நடுவே ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஒரு மணி நேரம்கூடக் கணக்கில் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது வெறும் காகித வேலை என்று நினைத்திருந்தேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது: அந்தக் கிளினிக்கை ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமம் வாங்கியிருக்கிறது, குழுமத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களை மட்டும்தான் எடுப்பார்கள். அதற்குள் பள்ளியின் கெடு தாண்டிவிட்டது. அந்த செமஸ்டர் போனது அப்படித்தான்.

பணம் வாங்கிக்கொண்டு பிரிசெப்டர் தேடித்தருகிறவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒரு ரொட்டேஷனுக்கு எனக்குச் சொன்ன தொகை இரண்டாயிரம் டாலருக்கு மேல். கட்டணத்துக்கு மேல் இதையும் மாணவி கொடுக்க வேண்டும் என்பது அநியாயம். வேறு வழியில்லாமல் கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சில மாநிலங்கள் பிரிசெப்டருக்கு வரிச்சலுகை தந்திருக்கின்றன. டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது என்பதால் அந்த வழியும் இங்கே இல்லை.

அடுத்த முறை தலைகீழாகத் தொடங்கினேன். அமெரிக்காவில் மருத்துவம் பார்த்து பில் போடும் எல்லோருக்கும் என்.பி.ஐ. என்ற எண் உண்டு. அந்தப் பட்டியல் அரசாங்கத் தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்கிறது. அதில் நர்ஸ் பிராக்டிஷனர், குழந்தைகள் பிரிவு என்று கொடுத்து, என் வீட்டைச் சுற்றியுள்ள ஜிப் கோடுகளை (நம் ஊர் பின்கோடு மாதிரி) ஒவ்வொன்றாகப் போட்டேன். இரண்டு இரவுகளில் அறுபதுக்கு மேல் பெயர்கள் சேர்ந்தன. மருத்துவமனைக் குழுமத்தின் முகவரி உள்ளவற்றை முதலிலேயே அடித்துவிட்டேன். தனியார் சிறு கிளினிக்குகள் பத்தொன்பது மிஞ்சின. அங்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் ஆள் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருப்பார்.

ஒரு மணிலா கவரில் எல்லாவற்றையும் வைத்தேன்: ஒரு பக்க ரெசியூம், என் லைசென்ஸ், மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ் (சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் உதவும் காப்பீடு), தடுப்பூசிப் பதிவுகள், பள்ளியின் நிரப்பாத ஒப்பந்தப் படிவம், எந்த இரண்டு கிழமைகளில் எத்தனை வாரம் வருவேன் என்ற அட்டவணை. பிரிசெப்டராக இருப்பவர் அந்த நேரத்தைத் தன் சான்றிதழைப் புதுப்பிக்கும்போது கணக்கில் காட்டலாம், அதற்கான கடிதத்தைப் பள்ளியிலிருந்து நானே வாங்கித்தருவேன் என்று மேலே ஒரு குறிப்பும் வைத்தேன். (பெரியவர்கள் கிளினிக் தேடுகிறவர்கள் இன்னொன்றும் சொல்லலாம்: 2020 ஜனவரியிலிருந்து மெடிக்கேர் (முக்கியமாக முதியவர்களுக்கான அரசுக் காப்பீடு) நோயாளிக்கு மாணவி எழுதிய சிகிச்சைக் குறிப்பை, பிரிசெப்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போதும், திரும்ப எழுத வேண்டியதில்லை. இது தெரியாத கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன.)

கிளினிக்குகளுக்கு நேரில் போகக் கூட்டமான திங்கட்கிழமையும் காலை நேரமும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நைட் டியூட்டி முடிந்து நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, புதன்கிழமை மதியம் ஒன்றரைக்குப் போனேன். டாக்டரைக் கேட்கவில்லை, ஆஃபீஸ் மேனேஜரைக் கேட்டேன். ஏழாவது கிளினிக்கில் அந்த அம்மா கவரைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "இதெல்லாம் நாங்கள் கேட்டு வாங்கவே ஒரு மாதம் ஆகும்" என்றவர், உள்ளே போய் நர்ஸ் பிராக்டிஷனரைக் கூட்டிவந்தார்.

அவர் நைஜீரியாவில் பிறந்தவர், அறுபது வயதிருக்கும். ரெசியூமைப் பார்க்கவே இல்லை. "ஒரு வயதுக் குழந்தை, வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. எந்தக் காதை முதலில் பார்ப்பாய்?" என்று கேட்டார். "இடது காதை" என்றேன். "ஏன்?" "வலிக்கிற காதைத் தொட்டுவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க விடாது. அதற்கும் முன்னால், அம்மா மடியில் சும்மா இருக்கும்போதே நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிடுவேன். காதும் தொண்டையும் கடைசியில்தான்." அவர் மேனேஜரைத் திரும்பிப் பார்த்து, "செவ்வாய், வியாழன்" என்றார்.

ஒப்பந்தம் பதினோரு நாளில் முடிந்தது. பள்ளியின் சட்டப் பிரிவு ஒரு வரியை மாற்றச் சொல்லி நிறுத்தி வைத்திருந்தது; நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்யாவிட்டால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

ரொட்டேஷனின் கடைசி வியாழக்கிழமை, அந்த நர்ஸ் பிராக்டிஷனர் என் நேரக் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சொன்னபடி கடிதத்தை வாங்கிக்கொண்டார். "உன் பள்ளியில் வேறு யாராவது தேடுகிறார்களா?" என்று கேட்டார். எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று மாதமாக அலைந்துகொண்டிருந்த சேலத்துப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்ததால் அவளுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஜனவரியில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அவள் அங்கே சேர்ந்தாள்.