ஆறு கால் றப்பருக்கு ஓர் அச்சு: விசுவமடு நாட்குறிப்பு

2024 யூலை 6, சனி

மாமியின் கிணற்றடி மோட்டர் நின்று நான்கு நாள். மோட்டர் நல்லாகத்தான் சுற்றுகிறது, பம்ப் சுற்றவில்லை. இரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் நடுவே இருக்கிற ஆறு கால் றப்பர் கிழிந்து, இரண்டு கால்கள் கீழே மணலில் கிடந்தன. பரந்தனிலும் கிளிநொச்சியிலும் கடை கடையாகக் கேட்டாயிற்று. இந்த அளவில் இல்லை. முழுக் கப்ளிங்கையும் மாற்றலாம், ஆனால் அதன் துளை இந்தத் தண்டுக்குச் சேராது, லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும்.

மாமி பழைய டயரை வெட்டிச் செருகிப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் ஓடியது, பிறகு ஒரே அதிர்வு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள், இருப்பதை வைத்துச் சமாளிப்பது கைவந்தது. ஆனால் டயருக்குள் நூல் இருக்கிறது, எல்லாத் துண்டும் ஒரே அளவில் அமுங்காது.

"தம்பி, உன்ரை மெசினாலை இதைச் செய்யேலாதோ? கச்சான் பிஞ்சு பிடிக்கிற நேரம். தண்ணி விடாட்டில் எல்லாம் பொக்காப் போயிடும்" என்றார்.

என் சிஎன்சி, அதாவது கணினி சொல்லும் வழியில் செதுக்கும் மெசின், மிகச் சிறியது. 30 சென்றிமீட்டருக்கு 18 சென்றிமீட்டர் இடத்துக்குள் மரமும் பிளாஸ்டிக்கும் செதுக்கும். றப்பரை அதனால் நேரே வெட்ட முடியாது. அச்சு செதுக்கலாம். அதற்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றும், இறுகினால் றப்பர் போலாகும் பொலியூரித்தேன் பிசினை வார்க்கலாம். முந்தி வேறொரு வேலைக்கு வாங்கிய பிசின் அரைவாசிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. "ஓம், செய்யலாம் மாமி" என்று சொல்லிவிட்டேன்.

யூலை 7, ஞாயிறு

பழைய றப்பர் துண்டுகளை மேசையில் பொருத்தி வைத்து அளந்தேன். குறுக்களவு 48.7 மில்லிமீட்டர், தடிப்பு ஓரிடத்தில் 16, இன்னோரிடத்தில் 17. கிரீஸ் குடித்து ஊதியிருக்கிறது, காலின் பக்கங்கள் தேய்ந்திருக்கின்றன.

இந்தக் கப்ளிங் ஒரு பக்கமாகச் சுற்றும்போது மூன்று கால்தான் பாரம் தாங்கும். மற்ற மூன்றும் சும்மா இருக்கும். அதனால் அந்த மூன்றும் தேயாமல் இருக்கும், அதை அளக்கலாம் என்று நினைத்தேன். பார்த்தால் ஆறும் தேய்ந்திருக்கின்றன. கேட்டதற்கு, மாமா இருந்த காலத்தில் ஒருமுறை கழற்றி, ஒரு கால் தள்ளித் திருப்பிப் போட்டாராம். றப்பருக்கு இரண்டாவது ஆயுள் கொடுக்கச் சரியான வழி அதுதான். மாமாவுக்கு அது தெரிந்திருக்கிறது.

ஆகவே றப்பரை விட்டுவிட்டு இரும்பை அளக்க முடிவெடுத்தேன். கப்ளிங்கின் இரண்டு பாதிகளிலும் றப்பர்க் கால்களுக்கு இடையே புகும் இரும்புப் பற்கள் அவ்வளவாகத் தேயவில்லை. பற்களின் மேல் மெல்லிய பொலித்தீனைப் போர்த்தி, குளக்கரையில் எடுத்த களியைப் பிசைந்து இடைவெளிகளில் அடைத்து, மற்றப் பாதியை மேலே அழுத்தினேன். திறந்தபோது களியில் ஒரு முழு நட்சத்திரம் இருந்தது, ஓரமெல்லாம் கூராக. களி காய்ந்தால் சுருங்கும், அதனால் ஈரமாக இருக்கும்போதே வேர்னியரை வைத்தேன். குறுக்களவு 50, கால் அகலம் 11.2, தடிப்பு 16. இவைதான் உண்மையான அளவுகள்.

யூலை 10, புதன்

ஃப்ரீகாட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்தேன். பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு வீதம் பெருப்பித்தேன், 50 என்பது 50.5 ஆனது. பழையது கிழிந்தது கால் உடலோடு சேரும் மூலையில். அங்கே வளைவு போதவில்லை. 2.5 மில்லிமீட்டர் வளைவு கொடுக்க ஆசை, ஆனால் இரும்புப் பல்லின் உள்விளிம்பு அதில் இடிக்கும். 1.5 கொடுத்து, பல்லின் விளிம்பை அரத்தால் இலேசாக மழுக்குவது என்று முடிவு. கால் நுனிகளில் நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. வெட்டும் பிட் உருளை வடிவம், குறுக்களவு 3.175 மில்லிமீட்டர். அச்சின் உள்மூலையில் அது தானாகவே வளைவை விட்டுப்போகும்.

யூலை 14, ஞாயிறு

நேற்று வேப்பம் பலகையில் ஒரே குழியாகச் செதுக்கி வார்த்தேன். செதுக்கல், வார்ப்பு இரண்டும் பிழையாகிவிட்டன.

குழி 16 மில்லிமீட்டர் ஆழம். பிட்டின் வெட்டும் நீளம் 17தான். அடிக்குப் போகப் போக மெல்லிய பிட் வளைந்து, சுவர் சரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய பிழை மரம். மரக்காலையில் அறுத்து அதிக நாளாகாத பலகை, கைக்குக் காய்ந்ததுபோல இருந்தது, உள்ளே ஈரம். பொலியூரித்தேன் பிசினின் ஒரு பாகம் தண்ணீரோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். இன்று உடைத்து எடுத்தபோது சுவரோரம் முழுக்க அப்பத்தின் நடுப்பகுதி மாதிரிக் கண் கண்ணாக இருந்தது. நகத்தால் அழுத்தினால் அமுங்கிப் போகிறது. மாமியிடம் காட்டினேன். "சரி, இன்னும் ஒண்டு செய்" என்றார்.

பக்கத்துக் காணிக்காரர் தன் மண்ணெண்ணெய் பம்பை ஒருநாள் விட்டு ஒருநாள் தருகிறார். அவசரப்படாமல் செய்ய அது போதும்.

யூலை 17, புதன்

புதிய எண்ணம். ஒரே குழியாக வேண்டாம், அடுக்காகச் செய்யலாம். சந்தையில் விற்கும் வெள்ளை வெட்டுப்பலகை எச்டிபிஇ பிளாஸ்டிக், 8 மில்லிமீட்டர் தடிப்பு. ஈரம் குடிக்காது, பிசினும் இலேசில் ஒட்டாது. இரண்டு அடுக்கு சேர்ந்தால் 16. ஒவ்வோர் அடுக்கிலும் நட்சத்திரத்தை ஊடுருவ வெட்டி, அடியில் ஒரு தட்டை வைத்தால் அச்சு. பிட் 8 மில்லிமீட்டர்தான் இறங்க வேண்டும், வளையாது. கழற்றும்போது ஒவ்வோர் அடுக்காக நெம்பி எடுக்கலாம், ஆகவே சுவரைச் சரிவாக்கவும் தேவையில்லை. நடுவில் மெல்லிய கோடு விழும், அதைப் பிளேட்டால் சீவலாம்.

றப்பரின் நடு ஓட்டைக்கான வட்டத்தை வெட்டினால் அது கழன்று பறக்கும். முதலில் நடுவில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, தலை பதிந்த போல்டால் அடித்தட்டோடு இறுக்கிய பிறகே அதைச் சுற்றி வெட்ட வேண்டும். அதே போல்ட் வார்க்கும்போதும் அதைப் பிடித்திருக்கும்.

மாமி அனுப்பிய ஆடிக் கூழைக் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

யூலை 20, சனி

இரட்டைப் பக்க டேப் இந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது, நான்கு மூலையிலும் ஸ்குரூ அடித்தேன். ஒற்றை அலகு பிட், ஒரு தடவைக்கு 0.8 மில்லிமீட்டர். மெதுவாக ஓட்டினால் உருகிப் பிட்டில் சுற்றிக்கொள்கிறது, பிட் நகரும் வேகத்தைக் கூட்டியதும் துருவிய தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. சோளகக் காற்று கதவால் புகுந்து அறை முழுக்கப் பரப்பிவிட்டது.

இரண்டாவது அடுக்கில் பாதியில் கரண்ட் போனது. மெசினுக்குத் தான் எங்கே நின்றது என்று தெரியாது. தொடக்கப் புள்ளியில் முதலிலேயே போட்டிருந்த ஊசித்துளை கைகொடுத்தது. கரண்ட் வந்ததும் அதில் பிட்டை இறக்கி அந்தப் புள்ளியை மறுபடி பிடித்தேன். சுவரில் தடமே இல்லை.

யூலை 21, ஞாயிறு

அச்சுக்கு மெழுகு பூசித் துடைத்தேன். நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னத் தராசில் இரு பாகங்களையும் எடை பார்த்து, கையுறையும் முகமூடியும் போட்டு, குமிழி வராமல் மெதுவாகக் கலக்கினேன். உயரத்திலிருந்து நூல் போல, ஒரே மூலையில் ஊற்றினேன். மெல்லிய தாரையில் குமிழிகள் உடைந்துவிடும். பிசின் தானாகவே காலுக்குக் கால் நகர்ந்து ஆறையும் நிரப்பியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

யூலை 22, திங்கள்

கழன்றது. குமிழி ஒரேயொன்று, மேல்முகத்தில், பாரம் தாங்காத இடத்தில். குறுக்களவு 50.1. முழு வலு வர ஒரு கிழமை வேண்டும். மாமிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் காத்திருக்கிறார்.

யூலை 29, திங்கள்

போடுவதற்கு முன் இரண்டு இரும்புப் பாதிகளின் மேலும் ஸ்டீல் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் வெளிச்சம் தெரிந்தது. மோட்டரின் அடி நட் ஒன்று தளர்ந்து, மோட்டர் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பதிந்திருக்கிறது. பழையது கிழிந்த காரணம் அதுதான். இதைத் திருத்தாமல் போட்டிருந்தால் என்னுடையதும் கிழிந்திருக்கும். மீன் டின் தகட்டை வெட்டி அடியில் வைத்து இறுக்கினேன். வெளிச்சம் மறைந்தது.

றப்பர் கையால் அழுத்தவே உட்கார்ந்தது. மாமி சுவிட்சைப் போட்டார். முதலில் காற்று, பிறகு தண்ணீர் குழாயை உதைத்துக்கொண்டு வந்தது. இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்திக் கப்ளிங்கைத் தொட்டேன். இளஞ்சூடுதான்.

மாமி வாய்க்காலோரம் நின்று மண்வெட்டியால் பாத்தி திறந்துகொண்டே, "இன்னொண்டும் ஊத்தி வை" என்றார். பிசின் இன்னும் ஒன்றுக்குக் காணும். அச்சைத் துடைத்து, போல்டுகளோடு பிஸ்கட் டின்னில் போட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு வார்ப்பேன்.