இரண்டு மூட்டைக்கு மூன்றரைக் கிலோ கம்மி

டிசம்பர் 2, 2024, திங்கள்
கூலியாட்கள் போன பிறகு கிட்டங்கித் தராசில் ஏறினேன். 96.4. உளுந்து மூட்டை ஒன்று 50 கிலோ. ஆக, நான் இரண்டு மூட்டைக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கம்மி. அம்மாவின் பர்மாக் கணக்கில் 59 வீசை.

டிசம்பர் 3
சொரியாசிஸ் என்கிற இந்தத் தோல் நோயின் செதில் பளிச்சென்று தெரியும், கறுப்பு லுங்கி கட்டாதே என்று எனக்கு நானே எத்தனை தடவைதான் சொல்வது.

டிசம்பர் 5
கல்லீரலில் கொழுப்பு. சொரியாசிஸுக்கான மெத்தோட்ரெக்சேட் மருந்து இப்போதைக்குக் கிடையாது, முதலில் எடை இறங்கட்டும் என்கிறார் டாக்டர். என் உயரத்துக்கு பி.எம்.ஐ. என்கிற எடைக் கணக்கு 34. நம் ஆசிய உடம்புக்கு 23 தாண்டினாலே கவனம் வேண்டுமாம்.

வயிற்றுக் கொழுப்பு சும்மா தொங்குவதில்லை, டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்.-6 என்று அழற்சிச் சரக்கை அதுவே சுரக்கிறது என்றார். சொரியாசிஸ் செதிலுக்கு அடியில் வேலை செய்வதும் அதே சரக்குதானாம். நன்றாகத்தான் சொன்னார். படி இறங்கும்போதுதான் கேள்வி வந்தது. 23 வயதில் நான் 58 கிலோ. முழங்கையில் முதல் திட்டு அப்போது வந்தது. அன்றைக்கு எந்தக் கொழுப்பு சுரந்தது?

டிசம்பர் 6
58 கிலோ. கேட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 11
தூக்கம் இல்லை. கரண்டும் இல்லை. எது முதலில் என்று வரிசை போட்டுப் பார்க்கிறேன்.

முழங்கையில் வந்தது, பிறகு முழங்காலில். அரைக்கால் சட்டை போட வெட்கமாகி, சாயங்காலப் பந்தாட்டத்தை விட்டேன். அந்த நேரத்துக்கு டீக்கடை. கெட்டிப்பால் டீ மூன்று, சமூசா இரண்டு. அப்புறம் ஒரு கிளினிக்கில் பெயர் சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பத்தே நாளில் தோல் பளிங்கு மாதிரி ஆனது. முகம் மட்டும் பூசணிக்காய். ஸ்டீராய்டு என்று தெரிந்து பட்டென்று நிறுத்தினேன். அது அதைவிடத் தப்பு. உச்சந்தலையிலிருந்து கெண்டைக்கால் வரை ஒரே வாரத்தில் பொரிந்துவிட்டது. அந்த வருடம் ஏறியது மட்டும் 11 கிலோ. நோய் என்னைக் குண்டாக்கியது, குண்டு நோயைக் கூட்டுகிறது. ஆனால் சீட்டில் "எடையைக் குறை" என்று ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள்.

டிசம்பர் 14
டீ ஒன்று. சீனி இல்லாமல். குடிக்கிற மாதிரி இல்லை.

டிசம்பர் 19
95.1.
டென்மார்க்கில் சொரியாசிஸ் உள்ள 60 பேரை வைத்து 16 வாரம் பார்த்திருக்கிறார்கள், 2013-இல் வந்த ஆய்வு. உணவைக் கடுமையாகக் குறைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 15 கிலோ கூடுதலாக இழந்தார்கள். திட்டுகள் குறைவதுபோல் தெரிந்தது, ஆனால் கணக்கில் உறுதிப்படவில்லை. தெளிவாக மேலானது அவர்களுடைய அன்றாட வாழ்க்கை. 15 கிலோவுக்கே இவ்வளவுதான் என்றால் என்னுடைய 1.3-க்கு என்ன கிடைக்கும்?

டிசம்பர் 27
அந்த 58 கிலோவைப் பற்றி டாக்டரிடம் கேட்டேவிட்டேன். எடை மட்டுமே காரணம் என்று நான் எங்கே சொன்னேன் என்றார். வம்சத்தில் யாருக்காவது உண்டா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றேன். வீட்டில் கேட்டால் அம்மா, "உங்கப்பாவுக்குத் தலையில பொடுகு கொட்டுமே, காதுக்குப் பின்னாடிகூடத் தடிச்சு ரத்தம் கசியும்" என்கிறாள். பொடுகில் ரத்தம் வருமா அம்மா?

சொரியாசிஸுக்குப் போடும் உஸ்டெகினுமாப் ஊசி பற்றியும் கேட்டேன். 100 கிலோ வரை 45 மில்லிகிராம், தாண்டினால் 90. இரண்டு மூட்டையைத் தாண்டினால் மருந்தும் இரண்டு மடங்கு. விலை சொன்னார். எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 3, 2025
பனிக்காற்று. பிளந்த குதிகால். வாசலின் டப்பா பாதி காலி.

ஜனவரி 9
லுங்கி முடிச்சு விழும் இடத்தில், தொப்புளுக்குக் கீழே, அங்குல அகலத்தில் ஒரு சிவப்புப் பட்டை. உரசும் இடத்திலெல்லாம் இது முளைக்கும். முன்பு வயிற்று மடிப்பு அதன்மேல் கவிந்து, வியர்த்து, செதில்கூட இல்லாமல் வெறும் புண்ணாக மினுங்கும். இன்று குனிந்து பார்த்தேன். ஓரம் மங்கி, நடுவில் தோல் நிறம் தெரிகிறது. கண்ணாடி வைத்தும் பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை.

ஜனவரி 14
பொங்கல். ஒரு கரண்டி. சரி, இரண்டு.
"இளைச்சுத் துரும்பாயிட்டியே, யார் கண்ணு பட்டுச்சோ" என்று அம்மா சுற்றிப் போட்டாள். துரும்பு 93.8.

ஜனவரி 22
தராசில் நிற்கும்போது மூட்டைக்காரப் பையன் பார்த்துவிட்டான். "சயா (பர்மியத்தில் ஐயா), உங்களை எந்தக் கப்பலில் ஏற்றுவது?" சிரித்தேன். இரவு அழுகை வந்தது, காரணம் தெரியவில்லை.

ஜனவரி 30
92.1. எடையில் ஐந்து சதவீதம் குறைய இன்னும் அரைக்கிலோ. இடுப்புப் பட்டை ஏறக்குறைய இல்லை. முழங்கை அப்படியே, பதினெட்டு வருடக் குடித்தனக்காரன்.

பிப்ரவரி 3
தராசைச் சரிபார்க்க ஆள் வந்தான். இரண்டு கிலோ குறைத்துக் காட்டுகிறதாம். எப்போதிலிருந்து என்றேன். அது எனக்கெப்படித் தெரியும் என்கிறான்.

பிப்ரவரி 4
அப்படியானால் முதல் நாளே 98.4-ஆ?

பிப்ரவரி 6
நாளைக் காலை கல்லீரல் ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். வெள்ளை லுங்கி துவைத்துப் போட்டிருக்கிறேன், காயுமா பார்க்கவேண்டும்.