முந்திரி உடைப்பவரின் இடுப்புவலி

3 ஜூன் 2024, திங்கள், கடலூர் மஞ்சக்குப்பம்

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து 52 வயதுப் பெண்மணி ஒருவர் வந்தார். நாள் முழுவதும் தரையில் அமர்ந்து முந்திரி உடைப்பவர். தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்திருந்தன. நான்கு ஆண்டுகளாக இடுப்புவலி. ஜவுளிக்கடைப் பையிலிருந்து எம்.ஆர்.ஐ. படங்களையும் ஐந்து மருத்துவர்களின் சீட்டுகளையும் எடுத்து வைத்து, "ஒண்ணுமில்லங்கிறாங்க டாக்டர், ஆனா ராத்திரி படுக்க முடியல" என்றார். காய்ச்சல், எடைக் குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை எதுவும் இல்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். படத்தில் தெரிந்த ஜவ்வுத் தேய்மானம், அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் இருப்பதுதான். ஆனால் விரலால் மெல்லத் தொட்டதற்கே அவர் துடித்தார்.

மூன்று மாதங்களைத் தாண்டிய வலியில், புண் ஆறிய பின்னும் நரம்பு மண்டலம் கூர்மையாகிக் கிடக்கக்கூடும். தண்டுவடத்தில் வலிச் செய்திக்கு ஒரு வாயில் உண்டு, மூளையின் கட்டளையும் அதைத் திறந்து மூடும் என்று வலி ஆய்வாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இல் சொன்ன கருத்து பின்னர் பலவாறு திருத்தப்பட்டாலும், நோயாளிக்கு விளக்க எனக்கு இன்றும் அதுவே கைகொடுக்கிறது. "உங்க வலி நிஜம்தாம்மா" என்றேன். முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

5 ஜூன், புதன்

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதல். தினமும் தாமாகவே வாங்கி விழுங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை காரணமாக இருக்கலாம் என்பதால் அதை நிறுத்தி, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினேன்.

24 ஜூன், திங்கள்

அமிட்ரிப்டிலின் மனநோய் மாத்திரை என்று யாரோ சொல்ல, இரண்டாம் நாளே நிறுத்திவிட்டாராம். பிழை என்னுடையது. மனச்சோர்வுக்குத் தரும் மருந்தே குறைந்த அளவில் வலிச் செய்தியைத் தணிக்கவும் உறக்கத்துக்கும் உதவும் என்பதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இன்று கால் மணி நேரம் அதற்கே செலவிட்டேன். வலி குறைந்த நாளில் இருட்டும்வரை உடைத்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக்கிடப்பது அவர் வழக்கம். அதனால் நல்ல நாளோ கெட்ட நாளோ, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னேன், பிசியோதெரபிக்கும் அனுப்பினேன்.

15 ஜூலை, திங்கள்

வலி பத்துக்கு எட்டிலிருந்து ஆறாகத்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் ஐந்து மணி நேரம் தொடர்ந்து உறங்குகிறார். ஞாயிறன்று திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரரைத் துணையின்றி ஒரு சுற்று வலம் வந்தாராம். மருந்தைக் கூட்டவில்லை. அடுத்த மாதம் கிரியேட்டினினை மறுபடி பார்க்க வேண்டும்.