ரெண்டு பொட்டு வெல்டிங்

பொள்ளாச்சி சுத்துப்பட்டுல தோப்பு வெச்சிருக்கறவங்க ஊட்டுல இன்னமும் ஒரு மாருதி ஆம்னி வேன் நிக்கும். 1984ல வந்த வண்டி, 2019ல கம்பெனியே நிறுத்திப்போட்டாங்க, ஆனா தேங்கா ஏத்த, தீவன மூட்டை போட, ஆடு புடிச்சுட்டு வர, ஒறம்பரைய பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வர, எல்லாத்துக்கும் அது ஒன்னுதான், அதனால விக்க மனசு வராது. என் பட்டறைக்கு வர்றதுல பாதி அதுதான்.

ஆடி மாசம் ஒரு பெரியவர் கொண்டாந்தாரு. பின்னால இருந்து ஊங்குனு ஒரு முனகல், நாப்பதுக்கு மேல போனா பக்கத்துல பேசறது கேக்கல. டவுன்ல ஒரு கடைல காட்டிருக்காரு, பின்னாடி ஆக்சில்ல இருக்கற பல்சக்கரம், அந்தக் கிரவுன் பினியன் போச்சு, செட்டோட மாத்தோணும்னு பெரிய தொகை சொல்லிருக்காங்க. அவருக்கு நம்பிக்கை வரல. "ஏழு வருசத்துக்கு முன்ன நீ அந்தப் பழைய பட்டறைல இருந்தப்ப ஒரே பொழுதுல ரெடி பண்ணிக் குடுத்தியே கண்ணு, அதான் உன்னையத் தேடி வந்தேன்"னாரு. எனக்கு ஞாபகமே இல்ல, ஆனா கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஆழியாறு ரோட்டுல ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போனோம். கிரவுன் பினியன் சத்தம்னா ஆக்சிலேட்டர மிதிச்சா ஒரு ராகம், கால எடுத்தா வேற ராகம். சக்கரத்துப் பேரிங் போயிருந்தா அதெல்லாம் கெடையாது, நியூட்ரல்ல உருட்டி உட்டாலும் சக்கரம் சுத்தற வரைக்கும் ஒரே மாதிரி முனகும். இது நியூட்ரல்லயும் முனகுச்சு, அங்கயே பாதி பாரம் எறங்குன மாதிரி. ஆனா எந்தப் பக்கம்? ஆம்னில எஞ்சின் நம்ம சீட்டுக்கு அடியில கெடந்து கத்தும், வெளிய பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக் காத்து வண்டியவே தள்ளுது, இதுல பின்னாடி என்ன கேக்கறது. பட்டறைப் பையன பின்னால தரையில காத வெச்சுப் படுக்கச் சொன்னேன். அவன் லெப்ட்டுங்ணா, சத்தியமா லெப்ட்டுதாங்ணாங்கறான். தகர டப்பா மாதிரி பாடி, சத்தம் ஒரு பக்கம் பொறந்து இன்னொரு பக்கம் போயி ஒக்காந்துக்கும். முன்ன ஒருக்கா அப்படிக் கேட்ட பக்கத்தையே நம்பி நல்லா இருந்த பேரிங்க மாத்திப்போட்டு கஸ்டமர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவந்தான் நானும். அதனால காத உட்டுட்டு ஸ்டீயரிங்க லேசா லெப்ட்டுல வளைச்சேன், வளைச்சா வண்டியோட வெயிட்டு ரைட்டுப் பக்கம் சாயும், சத்தம் கூடுச்சு. ரைட்டுல வளைச்சேன், கொறஞ்சுது. அப்ப ரைட்டு பேரிங்தான். பையனுக்கு நம்பிக்கையில்ல.

பட்டறைல ஜாக்கி போட்டு ஸ்டாண்டு வெச்சு, ரைட்டு சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனா நல்லாவே ஆடுச்சு. டிரம்மக் கழட்டுனா உள்ள ஒரே எண்ணெய், பிரேக் ஷூ ரெண்டும் ஊறிக் கெடக்கு. பிரேக் ஆயிலா ஆக்சில் ஆயிலான்னு பையன் கேட்டான். மோந்து பாருன்னேன். ஆக்சில் ஆயில்ல ஒரு கந்தக வாடை இருக்கும், ஒருக்கா மோந்தா மறக்காது. பிரேக் ஆயில் தண்ணில கரையும், இது கரையாது. ஆக, பிரேக் ஆயில் இருக்கற வீல் சிலிண்டர் இல்ல, ஆக்சில் ஆயில வெளிய உடாம அடைக்கற சீல்தான் போயிருக்கு. ஷூவ பெட்ரோல் ஊத்திக் கழுவிப் போட்டா ரெண்டு நாளைக்குப் புடிக்கும், பொறவு சூட்டுல மறுபடி எண்ணெய் கக்கும், அதனால புதுசு.

சீல் ஏன் போச்சுன்னு ஆக்சில் ஹவுசிங் மேல தடவிப் பாத்தா பிரீதர் மூடி இருக்கற எடமே தெரியல, செம்மண்ணும் தேங்கா நாரு மஞ்சித் தூசியும் சேர்ந்து கல்லாட்ட அடைச்சிருந்துச்சு. மஞ்சி மில்லு ரோட்டுலயே தெனம் போற வண்டி. உள்ள சூடாகற காத்து போறதுக்கு வழியில்லாம சீலத் தள்ளிட்டு எண்ணெயக் கொண்டாந்துருச்சு. சக்கரத்தச் சுத்தற ஆக்சில் ஷாப்ட் ஆடுனதும் ஒரு காரணந்தான்.

ஷாப்ட்ட உருவ பிளேட்டுல இருக்கற நாலு நட்டயும் கழட்டிட்டு இழுக்கோணும். அதுக்கு தனி சுத்தியல் இருக்கு, எங்கிட்ட இல்ல. டிரம்மத் திருப்பிப் போட்டு வீல் நட்ட லூசா முடுக்கிட்டு ரெண்டு கையாலயும் வெடுக்குனு இழுத்தா நாலாவது இழுப்புல வந்துரும். வந்துச்சு.

பேரிங்க கையில சுத்துனா கரகரங்குது. அதப் புடிச்சு நிறுத்தற ரிங்கப் பாத்தேன், ஓரத்துல ரெண்டு பொட்டு வெல்டிங், நேரெதிரா, பாசிப்பயறு அளவுல.

அப்படிப் பொட்டு வெக்கறது நாந்தான்.

பெரியவர் சொன்ன அந்தப் பொழுது அப்பத்தான் மெதுவா மேல வந்துச்சு. ரிங்கு ஷாப்ட்டுல டைட்டா ஒக்காரல, புது ரிங்கு கோயமுத்தூர்ல இருந்து வரோணும், இவரு வெடிஞ்சா லோடு ஏத்தோணும்னு பக்கத்துலயே நிக்கறாரு. எங்க பழைய பட்டறைல அதுக்கு ஒரு பழக்கம் இருந்துச்சு, ரெண்டு பொட்டு வெச்சா நவுராதுன்னு. எல்லாரும் வெச்சோம். நவுராதுங்கறது என்னமோ உண்மைதான். ஆனா அந்தச் சூடு ஷாப்ட்டோட பதத்தையும் பேரிங் கிரீசையும் கெடுத்துப்போடும். முறைப்படி ரிங்க மட்டும் தனியா சூடு பண்ணி ஷாப்ட்டுல எறக்கோணும், ஆறுனா அதுவே கவ்வி நிக்கும், ஒரு பொட்டும் வேண்டாம். இதெல்லாம் பின்னாடி ஒரு லேத்துக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஷாப்ட்டத் தொடைச்சு மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் கழிச்சு நல்லா தொடைச்சுட்டு சாக்பீஸ் பூசி வெச்சேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா வெல்டிங் ஓரமா வெள்ளைல ஒரு ஈரக்கோடு, முடி மாதிரி, கால் சுத்துக்கு வந்திருந்துச்சு, விரிசல்தான். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டில அந்த எடத்துல ஷாப்ட் ஒடஞ்சா சக்கரமும் டிரம்மும் சேர்ந்தே வெளிய போயிரும், புடிச்சு வெக்க வேற ஒன்னுமில்ல. அவரு மக ஊடு வால்பாறை.

பையன் உக்கடத்துல பழசு கெடைக்கும்ங்ணா, பாதி வெலைதான்னான். பழசுல வேற எவன் பொட்டு வெச்சிருக்கானோன்னு சொல்லிட்டு புதுசு சொல்லி உட்டேன். பஸ்ஸுல போட்டு உட்டாங்க. பேரிங், ரிங்கு ரெண்டும் லேத்துல குடுத்து ஏத்தி, சீல், ஷூ மாத்தி, பிரீதரக் கழுவி, ஆக்சிலுக்கு 90 நம்பர் ஆயில லெவல் ஓட்டைல வழியற வரைக்கும் ஊத்தி முடிச்சேன். ஓட்டிப் பாத்தா ஆடிக் காத்து மட்டுந்தான் கேட்டுச்சு.

பில்லுல கூலி எழுதல. ஷாப்ட்டுக்கும் பாதிதான் போட்டேன். பெரியவர் கண்ணாடியப் போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சாரு. "கூலி எங்க?"

சொன்னேன். ஷாப்ட்டக் கையில குடுத்து கோட்டையும் காட்டுனேன். திட்டுவாருன்னு நின்னேன். அவரு அந்தப் பொட்ட நகத்துல சொரண்டிப் பாத்துட்டே இருந்தாரு, பொறவு நிமிந்து கேட்டாரு, "அப்ப அந்தப் பக்கம்?"

அன்னிக்கு ஒரு பக்கம் கழட்டுனனா ரெண்டும் கழட்டுனனான்னு யோசிச்சுப் பாத்தேன், ஞாபகம் வரல. சத்தம் இல்லைன்னு லெப்ட்ட நான் தொடவே இல்ல. வண்டிய மறுபடி உள்ள தள்ளுடான்னு பையன்கிட்ட சொன்னேன். அவன் மொகத்துல நா அப்பவே லெப்ட்டுன்னு சொன்னனேங்கற மாதிரி ஒரு சிரிப்பு.

கழட்டிப் பாத்தா லெப்ட்டுல பொட்டு இல்ல, பேரிங்கும் நல்லாத்தான் இருந்துச்சு. சீல் மட்டும் லேசா ஈரம். வாங்கறப்பவே சீல் ரெண்டா வாங்கியிருந்தேன், அதப் போட்டு மூடுனேன். பெரியவர் அந்த சீலுக்கும் காச எண்ணி வெச்சுட்டுத்தான் வண்டிய எடுத்தாரு, கூலி பத்தி ரெண்டு பேரும் அப்பறம் பேசிக்கல.