சிலோன் மிளகு

மாட்டுங்கா மளிகைக்கடையில் மிளகுச் சாக்குக்குள் கைவிட்டு அளைந்துகொண்டே ஒரு மாமி கேட்டார்: "இது நம்ம ஊரா, சிலோனா?"

கடைக்காரர் சிரித்தார். "மாமி, பில்லுல சிலோன்தான். கொடி எங்கே படர்ந்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

கிண்டல்தான். ஆனாலும் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

மிளகுக்குப் பொதுவான இறக்குமதி வரி 70 சதவீதம். இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் (1998-ல் கையெழுத்து, 2000 மார்ச்சில் அமல்) ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. அதற்கு மேல் போனால் சாஃப்டா (தெற்காசிய நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம்) வழியில் 8 சதவீதம்.

70-க்கும் 8-க்கும் நடுவே இத்தனை இடைவெளி இருந்தால் வியட்நாம் மிளகு கொழும்பு வழியாகச் சுற்றி வரத்தானே பார்க்கும்? குடகு விவசாயிகளின் பழைய புகார் இது.

2017 டிசம்பரில் டெல்லி கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. சரக்கு விலையோடு கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்த கணக்கு. ஓட்டை அங்கேயும் உண்டு: வாங்கியது 400-க்கு, இன்வாய்ஸில் 510.

சரக்கு இலங்கையுடையதுதான் என்று கொழும்பு வணிகத் துறை தரும் மூலச் சான்றிதழ் மட்டும் இப்போது போதாது. 2020 செப்டம்பர் 21 முதல், சரக்கு அங்கேதான் விளைந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும். சுங்கம் கேட்டால் 10 வேலை நாளில் கொடுக்க வேண்டும். பலர் சிக்குவது இங்கேதான். விற்றவர் தோட்ட விவரம் தரமாட்டார்.

மாமி ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். "காரமா இருக்கு. கால் கிலோ போடு."