பூதேனின் வானம்

உடுமலைப்பேட்டையை அடுத்த எங்கள் தோட்டத்தில், ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசும்போது மேகங்கள் ஓரிடத்தில் நில்லாமல் தலைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். கடலைப் பார்க்காமலேயே வளர்ந்த எனக்கு, யூஜீன் பூதேன் என்னும் பிரெஞ்சுக் கடலோவியரை நெருக்கமாக்கியவை அந்த மேகங்கள்தாம்.

1824இல் நார்மண்டிக் கரையின் ஓன்ஃப்ளூர் துறைமுகத்தில், மாலுமி ஒருவரின் மகனாகப் பிறந்தார் பூதேன். சிறுவயதில் படகில் வேலை பார்த்தவர், பின்னர் லெ ஆவ்ர் நகரில் படங்களுக்குச் சட்டமிடும் கடையைக் கூட்டாக நடத்தி, அங்கு வந்துபோன ஓவியர்களைக் கண்டு தாமும் தூரிகையை எடுத்தார். 1851இல் நகராட்சி அளித்த உதவித்தொகை அவரைப் பாரிசுக்கு அனுப்பியது. மனம் என்னவோ கரையிலேயே இருந்தது.

த்ரூவில் என்னும் ஊரின் கடற்கரையை அவர் வரைந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அடியில், விரிந்த பாவாடையும் குடையுமாக அமர்ந்திருக்கும் பெண்கள் மூன்று நான்கு தீற்றல்களில் முடிந்துவிடுகிறார்கள். ஒரு வெள்ளைக் கீற்று, ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவே. மீதிப் பரப்பு முழுவதும், அடித்துப் போட்ட பஞ்சு போன்ற வானம். பாஸ்டல் என்னும் வண்ணக்கட்டியால் அவர் தீட்டிய சிறு வான்படங்களின் ஓரத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றையும் எழுதிவைத்தார். அந்தக் குறிப்புகளைக் கையால் மறைத்துக்கொண்டாலும் பருவத்தையும் பொழுதையும் காற்றையும் சொல்லிவிடலாம் என்று 1859இல் கவிஞர் போதலேர் வியந்து எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா, அப்பாருவின் நினைவு வந்தது. ஒரு புரட்டாசி மாலையில் வரப்பில் நின்று மேற்கே பார்த்தவர், "காத்து நின்னுபோச்சு கண்ணு, தட்டுப்போரை மூடீரோணும்" என்றார். அன்றிரவே மழை கொட்டியது. பூதேனின் கண்ணும் அத்தகையது என்றே நம்புகிறேன்.

லெ ஆவ்ரில் கேலிச்சித்திரம் வரைந்துகொண்டிருந்த இளைஞர் மோனேயை, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அந்த ஓவியரை, வற்புறுத்தி வெளியே அழைத்துச் சென்று, திறந்த வெளியில் வரையப் பழக்கியவர் இவரே. மோனே அந்நகரின் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், உதய சூரியன்' படத்தால் இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயர் பிறந்த 1874ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பூதேனின் படங்களும் இடம்பெற்றன. தாம் ஓவியரானதற்கு அவருக்கே கடன்பட்டதாக மோனே பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

1898இல் நோயுற்ற நிலையில் தெற்கிலிருந்து நார்மண்டிக் கரையின் தோவில் நகருக்குத் திரும்பி, தம் கடலின் அருகிலேயே அவர் இறந்தார். அவருடைய ஓவியக்கூடத்தில் எஞ்சியிருந்த படங்களுள் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தம்பி லூயி, லெ ஆவ்ர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவற்றுள் சிலவற்றில் படகும் இல்லை, ஆளும் இல்லை. மேகம் மட்டுமே இருக்கிறது.